ஜூன் மாத ஊட்டி: மழையை மட்டும் பார்க்காதீங்க, காற்றையும் பாருங்க

மே கடைசி வாரம் தொடங்கி ஜூன் பாதி வரைக்கும், ஊட்டியில் காட்டேஜ் வைத்திருப்பவர்களுக்கும் டாக்ஸி ஓட்டுபவர்களுக்கும் ஒரே மாதிரி போன் வந்துகொண்டே இருக்கும். "அண்ணா, அங்க மழையா? கிளம்பி வரலாமா?" லீவு போட்டு, ரூமுக்கு முன்பணமும் கட்டிவிட்ட பிறகு, 'நீலகிரிக்கு ரெட் அலர்ட்' என்று செய்தி ஓடுவதைப் பார்ப்பவர்களின் கேள்வி அது. நியாயமான கேள்விதான். ஆனா 'ஆமா', 'இல்ல' என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. 'நீலகிரியில் மழை' என்பது ஒரே இடத்துச் செய்தி கிடையாது. ஊட்டி நகரத்தில் பருவமழை தொடங்கும் விதமும், அங்கிருந்து சுமார் 25 கி.மீ. தள்ளி இருக்கும் அவலாஞ்சியில் தொடங்கும் விதமும் வேறு வேறு. ஊட்டியில் அந்த நாட்களில் உயிருக்கு ஆபத்தாக வருவது பெரும்பாலும் மழை இல்லை, காற்று.

மே மழை வேற, ஜூன் மழை வேற

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். மலர்க் கண்காட்சிக்குப் போய் மழையில் நனைந்துவிட்டு வந்தவர்கள், 'மே மாசமே ஊட்டியில பருவமழை ஆரம்பிச்சிருச்சு' என்பார்கள். அது பெரும்பாலும் பருவமழை இல்லை, கோடை மழை. ஏப்ரல், மே மாதங்களில் காலையில் நல்ல வெயில் அடிக்கும். மலைச்சரிவுகள் சூடாகும். சூடான ஈரக்காற்று மேலெழும்பி, மதியத்துக்குள் கருமேகமாகத் திரளும். இரண்டு மணி, மூன்று மணி வாக்கில் இடி மின்னலோடு ஒரு பாட்டம் கொட்டித் தீர்க்கும். சில நாள் ஆலங்கட்டியும் விழும். சாயங்காலம் வானம் வெளுத்துவிடும்.

அதாவது, கோடை மழைக்கு ஒரு கடிகாரம் உண்டு. காலை ஏழு மணிக்குக் கிளம்பி மதியச் சாப்பாட்டுக்குள் சுற்றி முடித்துவிட்டால் பெரும்பாலும் தப்பித்துவிடலாம்.

ஜூனில் வரும் தென்மேற்குப் பருவத்துக்கு அந்தக் கடிகாரமே கிடையாது. இடி அபூர்வம். மின்னல் அபூர்வம். காலை ஆறு மணிக்கு ஜன்னலைத் திறந்தால் வெளியே வெள்ளைச் சுவர் மாதிரி மூடுபனி நிற்கும். எட்டு மணிக்குக் கொஞ்சம் விலகும். பத்து நிமிஷம் வெயில் எட்டிப் பார்க்கும். கேமராவை எடுப்பதற்குள் மறுபடியும் மூடிக்கொள்ளும். தூறல் மேலிருந்து விழாது, பக்கவாட்டில் வரும். குடை பிடித்தால் முதல் சந்திலேயே மடங்கிப் போகும். இப்படியே ராத்திரி வரை. மறுநாளும் அதேதான். மொத்த மழையை அளந்து பார்த்தால் பல நாட்களில் பெரிய எண்ணிக்கையே இருக்காது. ஆனா நாள் முழுக்க நனைந்த மாதிரி இருக்கும்.

குற்றாலச் சாரல் தெரிந்தவர்களுக்கு இது பழகிய விஷயம்தான். அங்கே சீசன் தொடங்குவதும் இதே தென்மேற்குக் காற்றின் வேலைதான். குற்றாலம் மலையடிவாரத்தில் இருக்கிறது, ஊட்டி மலை மேலேயே இருக்கிறது. அதனால் அங்கே அண்ணாந்து பார்க்கும் மேகம், இங்கே தெருவில் நடந்து போகும்.

காற்றாறு ஓடும் உயரம்

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோழிக்கோடு கடற்கரையிலிருந்து நேர்கோட்டில் அளந்தால் சுமார் 100 கி.மீ. தூரம்தான். அரபிக்கடலில் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு வரும் காற்று, இந்தக் குறுகிய தூரத்துக்குள் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் ஏறியாக வேண்டும். ஏறும்போது காற்றழுத்தம் குறையும், காற்று விரியும், குளிரும். குளிர்ந்த காற்றால் முன்பு போல ஈரத்தைத் தாங்க முடியாது, மேகமாகவும் மழையாகவும் விட்டுவிடும். பள்ளிக்கூடத்தில் படித்த பாடம்தான்.

பாடப்புத்தகத்தில் அதிகம் சொல்லாத இன்னொரு விஷயம் இருக்கிறது. பருவக்காற்று தரையிலிருந்து வானம் வரை ஒரே வேகத்தில் வீசுவதில்லை. அதன் வேகமான ஓட்டம் கடல் மட்டத்திலிருந்து சுமார் ஒன்று முதல் ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆப்பிரிக்காவின் சோமாலியா கடற்கரையை ஒட்டிப் புறப்பட்டு, அரபிக்கடலைக் கடந்து, இந்தியாவின் மேற்குக் கரையில் மோதும் ஒரு காற்றாறு என்று வைத்துக்கொள்ளுங்கள். வலுத்த நாட்களில் அதன் வேகம் மணிக்கு 50 கி.மீ.-யைத் தாண்டும். நீலகிரி அந்த ஆற்றின் குறுக்கே நிற்கும் பாறை. கோவையிலும் உடுமலையிலும் ஜூன் வந்தால் காற்றாலைகள் சுழன்றடிப்பது, இதே காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து வருவதால்தான். கணவாய்க்குள் போக முடியாத காற்று மலை மேல் ஏறுகிறது. அந்தப் பாதையில்தான் ஊட்டி இருக்கிறது.

ஊட்டிக்காரர்கள் பருவம் தொடங்கிவிட்டதை முதலில் மழையால் இல்லை, காற்றின் சத்தத்தால்தான் கண்டுபிடிப்பார்கள். தகரக் கூரை படபடக்க ஆரம்பித்தால் மேற்கே மழை இறங்கிவிட்டது என்று கணக்கு.

25 கிலோமீட்டரில் என்ன வித்தியாசம்?

நீலகிரி மேப்பைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். மேற்கு ஓரத்தில் முக்குருத்தி, அவலாஞ்சி, மேல் பவானி இருக்கும் குந்தா மலைத்தொடர். வடமேற்கில் கீழே இறங்கினால் நடுவட்டம், கூடலூர், பந்தலூர், தேவாலா. நடுவில் ஊட்டி. ஊட்டிக்குக் கிழக்கே 2,637 மீட்டர் உயரத் தொட்டபெட்டா சிகரம். அதற்கும் கிழக்கே குன்னூர், கோத்தகிரி.

மேற்கிலிருந்து வரும் காற்று முதலில் முட்டுவது குந்தா மலைத்தொடரிலும் கூடலூர் பக்கத்துச் சரிவுகளிலும்தான். கையில் இருக்கும் சரக்கில் பெரும்பகுதியை அங்கேயே இறக்கி வைத்துவிடும். தேவாலாவை 'தென்னிந்தியாவின் சிரபுஞ்சி' என்று சொல்வதும் அதனால்தான். (வால்பாறைக்காரர்கள் சின்னக்கல்லாறைச் சொல்லிச் சண்டைக்கு வருவார்கள், அது தனிக் கதை.) மிச்ச ஈரத்தோடுதான் காற்று ஊட்டிக்கு வந்து சேரும். தொட்டபெட்டாவைத் தாண்டிக் குன்னூர், கோத்தகிரிக்குப் போகும்போது இன்னும் வற்றிப்போயிருக்கும். ஜூன், ஜூலையில் ஊட்டியே வெள்ளையாக மூடிக் கிடக்கும்போது கோத்தகிரியில் பளிச்சென்று வெயில் அடிப்பது சகஜம்.

வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு கணக்கு. ஊட்டி நகரத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்யும் மழை சராசரியாகச் சுமார் 120 செ.மீ. 2019 ஆகஸ்ட் இரண்டாவது வாரத்தில் அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் மட்டும் 80 செ.மீ.க்கும் மேல் கொட்டியது. ஊட்டியின் வருஷ மழையில் மூன்றில் இரண்டு பங்கு, ஒரே நாளில்.

அப்போ ரெட் அலர்ட் பொய்யா?

இல்லவே இல்லை. அதைப் படிக்கும் விதத்தில்தான் சிக்கல்.

வானிலை ஆய்வு மையம் மாவட்டத்தை ஓர் அலகாக வைத்து எச்சரிக்கை விடுகிறது. 24 மணி நேரத்தில் 20 செ.மீ.க்கு மேல் பெய்யும் வாய்ப்பு மாவட்டத்துக்குள் எங்காவது இருந்தால், அந்த மாவட்டத்துக்கே சிவப்பு. அறிக்கையில் 'ஓரிரு இடங்களில் அதிகனமழை' என்று ஒரு வரி இருக்கும். நாம் 'அதிகனமழை'யை மட்டும் படிப்போம், 'ஓரிரு இடங்களை' விட்டுவிடுவோம். அது சும்மா எழுதுகிற வார்த்தை இல்லை. மொத்த மழைமானி நிலையங்களில் கால் பங்குக்கு மேல் போகாது என்ற அர்த்தத்தில் பயன்படுத்தும் கலைச்சொல். நீலகிரியில், அதுவும் தென்மேற்குப் பருவத்தில், அந்த ஓரிரு இடங்கள் பெரும்பாலும் மேற்கு ஓரமாகவே இருக்கும்.

மறுநாள் செய்தியில் வரும் மழை அளவுக்கும் ஒரு கணக்கு உண்டு. காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை பெய்ததுதான் 'ஒரு நாள் மழை'. செவ்வாய்க்கிழமை காலையில் வெளியாகும் எண்ணில் இருப்பது பெரும்பாலும் திங்கட்கிழமை மழை.

போனில் இருக்கும் வெதர் ஆப் கதை வேறு. பல ஆப்கள் நம்பியிருப்பது உலகம் முழுவதையும் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணிக்கும் கணினி மாதிரிகளை. ஒரு கட்டத்தின் அகலம் ஏறக்குறைய 10 கி.மீ. இருக்கலாம், கூடவும் இருக்கலாம். அந்தக் கட்டத்துக்குள் இருக்கும் சிகரம், பள்ளம், சரிவு எல்லாம் சராசரியாகித் தேய்ந்துவிடும். நீலகிரி அதில் ஒரு மழுங்கிய மேடு மாதிரித்தான் தெரியும். அதனால் ஜூனில் ஊட்டி என்று தேடினால் பத்து நாளைக்கும் வரிசையாக மேகமும் மழைத்துளியும் போட்ட அதே ஐகான். அது தப்பு என்று சொல்ல முடியாது, ஆனா அதை வைத்து ஒரு முடிவும் எடுக்க முடியாது. இந்திய வானிலைத் துறை 2025 மே மாதம் 6 கி.மீ. கட்டம் கொண்ட 'பாரத்' முன்கணிப்பு முறையைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. மலை மாவட்டங்களுக்கு அது நல்ல செய்தி. ஆனாலும் தொட்டபெட்டாவின் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்ற அளவுக்கு இறங்கிச் சொல்வது எந்த மாதிரிக்கும் கஷ்டம்தான்.

நடைமுறையில் மூன்று விஷயம் பார்த்தால் போதும். எச்சரிக்கை நிறம், காற்றின் வேகம், நீங்கள் போகப்போவது மலையின் எந்தப் பக்கம். ஆப்பில் மழைத்துளி ஐகானுக்குக் கீழேயே காற்றின் வேகமும் இருக்கும், யாரும் பார்ப்பதில்லை.

வெயில் காலத்தை விடக் குளிர், டிசம்பரை விட...?

ஊட்டியில் குளிர் என்றால் எல்லோருக்கும் டிசம்பர், ஜனவரி ஞாபகம் வரும். உறைபனி விழுவதும் அப்போதுதான். ஆனா பகல் நேர வெப்பநிலையை மட்டும் எடுத்துக்கொண்டால், ஜனவரியை விட ஜூலை குளிரானது! ஜனவரி பகலில் மேகமில்லாத வெயில், 20 டிகிரி செல்சியஸ் வரை போகும். இரவில் அந்தச் சூடெல்லாம் தெளிந்த வானம் வழியாக ஓடிப்போய் 5, 6 டிகிரிக்கு இறங்கும். ஜூன் கடைசி, ஜூலையில் மேகம் போர்வை மாதிரி மூடியிருப்பதால் பகலில் 17, 18 டிகிரியைத் தாண்டாது, இரவிலும் 11, 12 டிகிரிக்குக் கீழே பெரிதாகப் போகாது. பகலுக்கும் இரவுக்கும் நடுவே ஏழு டிகிரி வித்தியாசம்கூட இருக்காது.

எண்ணைப் பார்த்தால் லேசாகத் தெரியும். அங்கே நின்றால் தெரியாது. ஈரத் துணியோடு காற்றில் நின்றால் 14 டிகிரியே எலும்பில் இறங்கும். துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாது. ஸ்வெட்டர் மட்டும் எடுத்துப் போகிறவர்கள் ஏமாந்துபோவது இங்கேதான். நனைந்த ஸ்வெட்டர் குளிரை இழுத்து வைத்துக்கொள்ளும். மேலே காற்றும் தண்ணீரும் புகாத ஜெர்கின், மாற்றுச் சாக்ஸ் இரண்டு ஜோடி, இவை இருந்தால் குடையே வேண்டாம்.

இன்னொன்று. குளிர் தாங்காமல் கரி அடுப்பை ரூமுக்குள் வைத்து, கதவு ஜன்னலைச் சாத்திவிட்டுத் தூங்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். கூடாரத்துக்குள்ளும் இதே ஆபத்துதான்.

சாயும் மரங்கள்

2025-ல் தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் மே 24-ம் தேதியே தொடங்கிவிட்டது. வழக்கமான தேதி ஜூன் 1. 2009-க்குப் பிறகு இவ்வளவு சீக்கிரம் வந்தது அதுதான் முதல்முறை. நீலகிரிக்கு ரெட் அலர்ட் விடப்பட்டது. மறுநாளே, ஊட்டி–கூடலூர் சாலையில் எட்டாவது மைல் அருகே, கேரளத்திலிருந்து குடும்பத்தோடு சுற்றுலா வந்திருந்த பள்ளி மாணவர் ஒருவர் மரம் விழுந்து உயிரிழந்தார். நிலச்சரிவு இல்லை, வெள்ளம் இல்லை. ஒரு மரம்.

பருவத்தின் தொடக்கத்தில் ஊட்டியைச் சுற்றி அடிக்கடி கேட்கும் செய்தி இதுதான்: மரம் விழுந்து போக்குவரத்து நின்றது, மரம் விழுந்து கரண்ட் போனது, மரம் விழுந்து கார் நசுங்கியது. ஏன் இத்தனை மரம்?

ஊட்டி சாலைகளில் வானுயர நிற்கும் கற்பூர மரம் (யூகலிப்டஸைத்தான் மலையில் இப்படிச் சொல்வார்கள்), பைன், சீகை இவை எதுவும் இந்த மண்ணின் மரங்கள் இல்லை. 19-ம் நூற்றாண்டில் விறகுக்காகவும் வெட்டுமரத்துக்காகவும் ஆங்கிலேயர்கள் வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டவை. கற்பூர மரம் ஆஸ்திரேலியாவிலிருந்து 1840-களில் வந்தது. வேகமாக, நெட்டையாக வளரும். நெட்டை மரத்தின் உச்சியில் காற்று தள்ளினால், நீளமான கடப்பாரையை நுனியில் பிடித்து நெம்புவது மாதிரி. அடியில் ஏற்படும் அழுத்தம் பல மடங்கு.

இந்த மலையின் சொந்தக் காடு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். சோலைக்காட்டு மரங்கள் குட்டையானவை. தலையில் கத்தரி வைத்து வெட்டியது போல ஒன்றோடொன்று நெருங்கிக் குடை விரித்து நிற்கும். அதுவும் காற்று அதிகம் படாத மலை மடிப்புகளில், ஓடையை ஒட்டித்தான் வளரும். காற்று அறையும் திறந்த சரிவுகளில் புல்வெளி மட்டும்தான் இருக்கும். பல்லாயிரம் வருஷமாக இந்தக் காற்றோடு வாழ்ந்து கற்றுக்கொண்ட ஏற்பாடு அது. நாம் அந்தச் சரிவுகளிலேயே முப்பது, நாற்பது மீட்டர் உயரம் போகும் மரங்களை நட்டு, அதன் அடியில் மலையை வெட்டி ரோடு போட்டு, வண்டியை நிறுத்தி டீ குடிக்கிறோம்.

ரோட்டுக்காக வெட்டிய சரிவின் விளிம்பில் நிற்கும் மரத்துக்கு ஒரு பக்கம் வேருக்குப் பிடிப்பே கிடையாது. நான்கைந்து நாள் விடாத தூறலில் மண் ஊறிப் போய்விடும். அந்த நேரத்தில் காற்று எகிறினால் சாய்வதற்குப் பெருமழை தேவையில்லை. அதனால்தான் 'இன்னைக்கு மழையே இல்லையே' என்கிற நாளிலும் மரம் விழுகிறது.

அபாயகரமான மரங்களைக் கணக்கெடுத்து வெட்டும் வேலை வருஷா வருஷம் நடக்கிறது. எச்சரிக்கை நாட்களில் தொட்டபெட்டா, பைன் ஃபாரஸ்ட், அவலாஞ்சி போன்ற மரங்கள் அடர்ந்த இடங்களை மூடிவிடுவார்கள். 'மழையே இல்ல, எதுக்கு மூடி வச்சிருக்காங்க?' என்று கேட்டில் நின்று சண்டை போடுபவர்களைப் பார்க்கலாம். அவர்கள் மூடுவது மழைக்காக மட்டும் இல்லை.

கிளம்பலாமா, வேண்டாமா?

சிவப்பு எச்சரிக்கை என்றால் தள்ளிப்போடுங்கள், முன்பணம் போனாலும் பரவாயில்லை. ஆரஞ்சு என்றால் கூடலூர், பைக்காரா, எமரால்டு, அவலாஞ்சி பக்கத்தைத் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டு, குன்னூர், கோத்தகிரி பக்கம் பார்க்கலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் இரண்டு மலைச்சாலைகளுமே இந்தக் கிழக்குப் பக்கத்தில்தான் வருகின்றன என்பது ஒரு வசதி. மஞ்சள், அல்லது எச்சரிக்கையே இல்லாத சாதாரணத் தூறல் நாள் என்றால் தாராளமாக வாங்க. பள்ளிகள் திறந்துவிடுவதால் கூட்டமும் குறையும். வியூ பாயின்ட்டில் வியூ இருக்காது, அதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டுவிட்டால் மனக்கஷ்டம் இல்லை. ஒரே நாளில் எட்டு இடம் என்று லிஸ்ட் போட்டு வருபவர்களுக்கு ஜூன் ஊட்டி ஒத்துவராது.

வண்டியை மரத்தடியில் நிறுத்தாதீர்கள். மூடுபனியில் ஹை பீம் போடாதீர்கள், வெளிச்சம் திரும்ப உங்கள் கண்ணிலேயே அடிக்கும். 2024 மே 7 முதல் இ-பாஸ் நடைமுறை இருக்கிறது, கிளம்பும் முன் அப்போதைய விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077.

மலையில் வேலை செய்பவர்களுக்கு இப்படித் தள்ளிப்போடும் வசதி இல்லை. கேரட் அறுவடைக்கு விடியற்காலையிலேயே தோட்டத்தில் இறங்குபவர்களுக்கும், ரெயின்கோட்டைக் கட்டிக்கொண்டு தேயிலை பறிப்பவர்களுக்கும் எந்த நிற எச்சரிக்கை வந்தாலும் கூலி நாள் கூலி நாள்தான். இந்த ஈரத்தில் தேயிலை நன்றாகத் துளிர்க்கும், கூடவே கொப்புள நோயும் வரும். உருளைக்கிழங்குக்குக் கருகல் நோய் பயம். மலைக்குக் கீழே இருப்பவர்கள் வேறு கணக்குப் போடுவார்கள். மேல் பவானியிலும் அவலாஞ்சியிலும் இறங்கும் தண்ணீர்தான் குந்தா மின் நிலையங்களைச் சுழற்றிவிட்டு, பில்லூர் வழியாகக் கோவையின் குடிநீராகி, பவானிசாகருக்குப் போய் ஈரோட்டு வயல்களுக்குப் பாய்கிறது. 'ஊட்டியில செம மழை' என்று யாராவது ஸ்டேட்டஸ் போட்டால் ஈரோட்டு விவசாயி கேட்கும் முதல் கேள்வி, 'அவலாஞ்சியில எவ்வளவு?'

அக்டோபரில் எல்லாமே திரும்பிவிடும். வடகிழக்குப் பருவத்தில் காற்று கிழக்கிலிருந்து வரும். மேற்கே கூடலூர் ஓய்வெடுக்க, குன்னூரும் கோத்தகிரியும் கேத்தியும் முன்வரிசைக்கு வந்துவிடும். ஜூனில் பத்திரமான பக்கம் என்று மேலே சொன்ன அதே இடங்கள்தான். 1978, 1993, 2009 என நீலகிரியின் கிழக்குப் பகுதியை உலுக்கிய பெரிய நிலச்சரிவுகள் நடந்தது நவம்பர் மாதத்தில். 2009-ல் மட்டும் 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். மேட்டுப்பாளையம்–குன்னூர் மலை ரயில் அடிக்கடி நிறுத்தப்படுவதும் அந்த மாதங்களில்தான். தீபாவளி லீவுக்கு ஊட்டி பிளான் பண்ணுபவர்கள் மேப்பில் பார்க்க வேண்டியது வலது பக்கத்தை.